நாலாயிரம் ரூபாய்க்குள் ஒரு ட்ரெயில் ஷூ: தேர்வு, முள் தடுப்பு, ஒட்டுவேலை

கோவை வடவள்ளியிலிருந்து தொண்டாமுத்தூர்ப் பக்கம் நான் காலையில் ஓடுகிற பாதையில், ஒரே மாதிரியான தரை ஒரு கிலோமீட்டர்கூடத் தொடர்ந்து வராது. வீட்டு வாசலில் தார் ரோடு. அது முடிந்ததும் குளத்துக் கரை. இறுகிப்போன செம்மண் மேல் சரளைக்கல் உருண்டு கிடக்கும். கரையை விட்டு இறங்கினால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வண்டித்தடம். மழைக்காலத்தில் அதில் ஒரு துண்டு களிமண்ணாகி ஷூவோடு கூடவே எழுந்து வரும். அப்புறம் திரும்பி வர மறுபடியும் தார். மருதமலைச் சரிவில் இதைவிட அழகான தடங்கள் உண்டு. ஆனால் அது வனத்துறை நிலம், விடியற்காலையில் யானை நடமாடும் இடம். அங்கே தினசரிப் பயிற்சிக்குப் போகவே கூடாது. ஆக எனக்குக் கிடைப்பது பாதி தார், பாதி மண்.

மண்பாதையில் ஓடுவதற்கென்று செய்யப்படுவதுதான் ட்ரெயில் ஷூ. அதன் தேர்வில் முக்கால் பங்கை இந்தத் தரையே முடிவு செய்துவிடுகிறது. எந்த பிராண்டு, எந்த மாடல் என்று ஆரம்பிப்பவர்கள், தாங்கள் ஓடும் பாதையில் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு நடந்துவிட்டு வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நான் அப்படி நடந்தபோது எழுதிக்கொண்ட பட்டியல்: தார், இறுகிய மண், உருளும் சரளை, முள். சேறு எப்போதாவது. ஈரப்பாறை கிட்டத்தட்ட இல்லை.

ரோடு ஷூவை வைத்தே ஓடினால் என்ன? ஓடலாம், நிறையப் பேர் ஓடுகிறார்கள். கரையிலிருந்து இறங்கும் சரிவில்தான் சிக்கல். தட்டையான சோலுக்கு அடியில் சரளை உருளும்போது கால் நழுவும். ஒவ்வொரு எட்டுக்கும் பயந்து பயந்து இறங்க வேண்டியிருக்கும். பக்கவாட்டில் கல் இடித்தால் மெல்லிய துணி ஒன்றும் தடுக்காது. முள்ளைக் கேட்கவே வேண்டாம்.

அதற்காக எதிர் எல்லைக்குப் போய், சோலில் 5, 6 மி.மீ. ரப்பர் பற்கள் துருத்திக்கொண்டிருக்கும் ஷூவை வாங்குவதும் நம் பாதைக்குச் சரிவராது. அந்த ஆழமான பற்கள் வேறு மண்ணுக்காகப் பிறந்தவை. 1935-ல் ஆல்ப்ஸ் மலையேற்றம் ஒன்றில் கூட்டாளிகள் ஆறு பேரை இழந்த இத்தாலியர் விதாலே பிரமானி, ஆணி அடித்த தோல் பூட்ஸுக்குப் பதிலாக ரப்பரில் பற்கள் வைத்த சோலை 1937-ல் கொண்டுவந்தார். இன்றைய விப்ரம் என்ற சோல் நிறுவனம் அங்கிருந்து வந்ததுதான். பாறைக்கும் பனிக்கும் உண்டான தேவை அது. பிறகு இங்கிலாந்தின் ஈரப் புல்மலைகளில் ஓடுபவர்களுக்காகப் பற்கள் இன்னும் ஆழமாயின. இனோவ்-8 மட்கிளா போன்ற ஷூக்களில் 8 மி.மீ. வரை போகும். சேற்றில் அவை குத்தி நிற்கும். நம் இறுகிய செம்மண்ணில் குத்துவதற்கு இடமே கிடையாது. பல்லின் நுனியில் மட்டும் கால் நிற்கும், தாரில் ஓடும்போது பல் வளைந்து ஆடும், சில மாதத்தில் நுனி உருண்டு தேயும். சிக்கமகளூர் காபித் தோட்டங்களில் நடக்கும் மல்நாட் அல்ட்ரா மாதிரி மழைச் சேற்றுப் போட்டிக்கு என்றால் ஆழமான பல் வாங்குங்கள். தினசரி ஓட்டத்துக்கு 3 முதல் 4 மி.மீ. தாராளம்.

கோர்டெக்ஸ் என்ற தண்ணீர் புகாத படலம் போட்ட ஷூவும் அப்படித்தான். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் உள்ளே புகுந்துவிடும், புகுந்தது வெளியேறாது. மழையே இல்லாத நாளில் நம் வியர்வையே போதும், உள்ளே குளமாகிவிடும். கூடுதல் காசு கொடுத்து அந்த அவஸ்தையை வாங்க வேண்டியதில்லை. துணி வலை மூலம் நனைந்தால் அதே வலை மூலம் காயும்.

கடைக்குப் போகும் முன் ஒரு வெள்ளைத் தாள்

கால் அளவை வீட்டிலேயே எடுத்தேன். சாயங்காலம் எடுப்பது நல்லது, பகல் முழுக்க நின்று நடந்தபின் பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும். தாளைச் சுவரோடு ஒட்டி வைத்து, ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு, குதிகால் சுவரைத் தொட நின்று, மிக நீளமான விரலுக்கு நேராகப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போட வேண்டும். உட்கார்ந்து எடுத்தால் அளவு குறைந்துவிடும். இரண்டு காலையும் எடுக்க வேண்டும். எனக்கு வலது 25.8 செ.மீ., இடது 26.2. பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதோடு 10 முதல் 12 மி.மீ. சேர்த்தேன். ரோடு ஷூவுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைத்தும் வாங்குவார்கள். சரிவில் இறங்கும்போது பாதம் முன்னே சறுக்கும் என்பதால் மண்பாதைக்கு இந்த இடம் வேண்டும். இல்லாவிட்டால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். ஆக எனக்கு வேண்டியது 27.2-லிருந்து 27.4 செ.மீ. நீளமுள்ள இன்சோல், அதாவது ஷூவுக்குள் கழற்றி எடுக்கக்கூடிய உள்மெத்தை.

டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் இன்சோலை அளப்பதுதான் இதில் முக்கியம். நம் கடைகளில் பழக்கமான யூகே அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. அரை எண் என்றால் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஐரோப்பிய எண்ணில் ஒரு படி 6.7 மி.மீ. இரண்டு முறையும் சரியாகப் பொருந்தாது, ஒவ்வொரு நிறுவனமும் அதை ஒவ்வொரு பக்கம் தள்ளி அச்சடிக்கிறது. இன்சோலை உருவி டேப் வைத்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் கிடையாது. அதன் மேலேயே பாதத்தை வைத்து நின்று பார்த்தால் அகலமும் தெரிந்துவிடும். சுண்டுவிரல் இன்சோலுக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சின்ன வயதில் செருப்போடும் வெறுங்காலோடும் திரிந்த கால்கள் முன்பக்கம் விரிந்திருக்கும். குறுகிய முன்பாகம் கொண்ட ஷூக்கள் நம்மில் பலருக்குச் சுண்டுவிரலில்தான் கடிக்கும்.

கடையில்

பட்ஜெட் 4,000. இந்த விலையில் முதலில் பார்க்க வேண்டியது டெக்கத்லான். அவர்களின் ட்ரெயில் ஷூக்கள் முன்பு கலெஞ்சி, பிறகு எவாடிக்ட், இப்போது கிப்ரன் என்று பெயர் மாறி வந்திருக்கின்றன. பழைய பெயர் போட்ட ஸ்டாக் எங்காவது மிஞ்சியிருந்தால் விலை விசாரித்துப் பார்க்கலாம். அசிக்ஸ் ஜெல்-வென்ச்சர், நைக்கி ஜூனிபர் ட்ரெயில், சாக்கனி எக்ஸ்கர்ஷன் ஆகியவை அந்தந்த நிறுவனங்களின் ஆரம்பநிலை ட்ரெயில் வரிசைகள். முழு விலையில் பட்ஜெட்டைத் தாண்டும். புது வெர்ஷன் வந்ததும் பழையதன் விலை இறங்கும்போது எட்டிப் பிடிக்கலாம். தினசரிப் பயிற்சிக்குப் பழைய வெர்ஷனே போதும். இன்னொரு கணக்கு: 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜோடி 2,500 ரூபாய் வரை விற்கும் காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. பட்ஜெட் இன்னும் குறைவாக இருப்பவர்கள் இந்தக் கோட்டைக் கவனத்தில் வைத்துத் தேடலாம்.

ஷோரூமில் நான் செய்த சோதனைகள் எல்லாம் கைவிரலால்தான். முதலில் சோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். தடம் ஆழமாகப் பதிந்து மெதுவாக மறைந்தால் மென்மையான ரப்பர். ஈரக் கல்லில் பிடிக்கும், தாரில் சீக்கிரம் கரையும். நகம் பதியவே இல்லை என்றால் கெட்டியான கார்பன் ரப்பர். தாரில் உழைக்கும், ஈரக் கல்லில் வழுக்கும். இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றால் விப்ரம் மெகாகிரிப் மாதிரியான ரப்பர் போட்ட ஷூவுக்குப் போக வேண்டும், விலை பத்தாயிரத்தை எளிதாகத் தாண்டும். பாதி தாரில் ஓடும் எனக்குக் கெட்டி ரப்பர்தான் சரி. மழையில் நனைந்த கோயில் படிகளிலோ வழுக்குப் பாறையிலோ இந்த ஷூவை நம்பிக் கால் வைக்கக் கூடாது. அங்கே நடந்துதான் போக வேண்டும்.

அடுத்து ஷூவைத் திருப்பிப் பிடித்து ரப்பர் எங்கெங்கே இல்லை என்று பார்த்தேன். எடையைக் குறைக்க ரப்பரைத் துண்டு துண்டாக ஒட்டி, நடுவில் மெத்தைபோல் இருக்கும் ஃபோமை அப்படியே வெளியே விட்டிருப்பார்கள். தாரில் பரவாயில்லை. முள் அந்த ஃபோமில்தான் ஏறும். முன்பாதத்தில் விளிம்புக்கு விளிம்பு ரப்பர் உள்ளதையே எடுத்தேன். அதனால் எடை 300 கிராமை ஒட்டி வந்தது, பயிற்சிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பற்களுக்கு இடையே இடைவெளி சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் பட்டாணி அளவுச் சரளை மாட்டிக்கொண்டு, தாரில் ஏறியதும் டக் டக் என்று சத்தம் வரும்.

பின்பக்கக் குதிகால் கிண்ணத்தை இரு விரலால் அமுக்கினால் சட்டென்று மடங்கக் கூடாது. ஷூவை முறுக்கினால் துணி பிழிவது போல முறுகக் கூடாது. மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுப்பாதத்தில் மடங்கினால் அதைக் கீழே வைத்துவிடலாம். நாக்குப் பகுதி இரு பக்கமும் உள்துணியோடு தைக்கப்பட்டிருக்கிறதா என்று உள்ளே விரல் விட்டுப் பார்ப்பது ரொம்ப அவசியம். தைக்காமல் விட்டிருந்தால் அந்தச் சந்து வழியாக மண்ணும் ஒட்டுப்புல்லும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கடைசியாக, கடையின் மாடிப்படியில் குதிகாலை ஊன்றிச் சற்று அழுத்தமாகவே இறங்கினேன். விரல் நுனி முன்னால் இடிக்கவில்லை, குதிகால் தூக்கவில்லை. 8-ல் இடித்தது, 8.5-ல் இல்லை. 8.5-க்கு பில் போட்டேன்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பற்றி நிறைய விவாதம் உண்டு. இப்போது நீங்கள் ஓடும் ஷூவில் 8 மி.மீ. என்றால் புதிதிலும் அதை ஒட்டியே எடுங்கள், கெண்டைக்காலுக்கு அதிர்ச்சி இருக்காது. அதற்கு மேல் அதில் மூளையைச் செலவழிக்க வேண்டாம்.

முள்ளுக்கு ஒரு தகடு

விலை அதிகமான ட்ரெயில் ஷூக்கள் சிலவற்றில் முன்பாதத்துக்கு அடியில், ஃபோமுக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்திருப்பார்கள். கூர்மையான கல்லின் குத்து பாதத்துக்கு வராமல் பரவிவிடும். நாலாயிரம் ரூபாய் ஷூவில் பெரும்பாலும் அது இருக்காது. எங்கள் பக்கம் கல்லைவிட சீமைக் கருவேல முள்தான் பிரச்சினை. தோட்டத்து வேலியில் விழுந்த இடைவெளியை அடைக்க முள்ளை வெட்டிப் போடுவார்கள், காய்ந்த கிளைகள் தடத்துக்கு வந்துவிடும். அந்த முள் காய்ந்தால் இன்னும் கெட்டி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ரப்பர் மெலிந்திருக்கும் இடத்தில் ஏறி, உடல் எடை முழுவதும் அதன் மேல் விழும்போது ஃபோமைத் தாண்டி இன்சோலுக்கு வந்துவிடும். நெருஞ்சி அவ்வளவு தூரம் வராது, சோலில் ஒட்டிக்கொண்டு வீட்டுத் தரையில்தான் தொல்லை கொடுக்கும்.

தகட்டை நானே வெட்டினேன். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் தட்டையான பக்கம் இதற்கு மிகப் பொருத்தம்: சுமார் 1 மி.மீ. கனம், வளையும், உடையாது. வழித்துக் கழுவி, சோப்பு நீரில் ஊறவைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போனபின் வெயிலில் காயவைத்தேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் பலர் வீட்டில் இருக்கும், ஆனால் அது ரொம்ப மெல்லியது. ஆபீஸ் ஃபைல் அட்டை என்றால் இரண்டு அடுக்கு வேண்டும், ஓடும்போது ஒன்றின் மேல் ஒன்று நகரும்.

இன்சோலை உருவிப் பிளாஸ்டிக் மேல் வைத்து மார்க்கரால் வரைந்தேன். விரல் நுனியிலிருந்து உள்வளைவு தொடங்கும் இடம் வரை போதும், குதிகாலுக்குத் தேவையில்லை, அங்கே ஃபோம் தடிமன். வரைந்த கோட்டுக்கு 3 மி.மீ. உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். முழு அளவில் வெட்டினால் ஓரம் ஷூவின் உட்சுவரில் ஏறி, துணியைத் தேய்த்தே ஓட்டையாக்கிவிடும். கனமான கத்தரிக்கோல் போதும். வெட்டிய விளிம்பை 120-ம் நம்பர் உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்த்து, எங்கும் கீறாத வரை மழுக்கினேன். மூலைகளே இருக்கக் கூடாது.

அப்படியே உள்ளே வைத்தால் விரல் மடங்கும் இடத்தில் விறைப்பாக இருந்தது. அந்த மடிப்புக் கோட்டில் இரு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி ஒரு செ.மீ. நீளத்துக்கு, ஒன்றுக்கொன்று அரை செ.மீ. தள்ளி, மூன்று மூன்று கீறல் போட்டதும் வளைய ஆரம்பித்தது. கேனின் இயல்பான வளைவு கீழ்நோக்கி வருமாறு வைத்தால் ஷூவின் முன் வளைவோடு பொருந்திப் போகும். பின் ஓரத்தில் மட்டும் இருபக்க டேப் ஒரு துண்டு. முன்பக்கம் ஒட்டக் கூடாது, மடங்கும்போது அது நகர இடம் வேண்டும். மேலே இன்சோல். ஒரு காலுக்குச் சுமார் 10 கிராம் கூடுகிறது, உட்புற உயரம் ஒரு மில்லிமீட்டர் குறைகிறது. சைஸ் ஏற்கெனவே இறுக்கமாக எடுத்தவர்கள் இதைச் செய்தால் விரல்மேல் துணி அழுத்தும்.

வேலை செய்கிறதா என்று பாதத்தை வைத்துப் பார்க்கவில்லை. ஷூவுக்குள் கை விடாமல், காய்ந்த முள் ஒன்றைக் குறட்டில் பிடித்துச் சோலின் மெலிந்த இடத்தில் வெளியிலிருந்து ஏற்றினேன். ஃபோமில் வெண்ணெயாக இறங்கியது, தகட்டில் பட்டதும் நின்று, இன்னும் அழுத்தியபோது நுனி பக்கவாட்டில் மடங்கியது. இன்சோலைத் தூக்கிப் பார்த்தால் பிளாஸ்டிக்கில் வெளிறிய ஒரு புள்ளி, துளை இல்லை. பாதையில் ஏறும் முள்ளை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். உடைந்த துண்டு ஃபோமுக்குள் நின்றால் ஒவ்வொரு எட்டிலும் தகட்டைக் குடைந்துகொண்டே இருக்கும். மூக்குக் குறடு ஒன்று வாசலிலேயே கிடக்கிறது.

லேஸ்

ஷூவில் மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் துளைகளைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு ஒரு வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்தில் நுழைத்துப் பின்னோக்கி இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் பாதம் முன்னே போகாது. முன்பக்க லேஸை அதற்காக இறுக்க வேண்டாம், விரல்கள் அசைய வேண்டும். பழைய சாக்ஸின் மேல்பாதியை வெட்டி, ஷூவின் வாய்மேல் கவிழ்த்து விட்டால் ஒட்டுப்புல்லும் பொடிக்கல்லும் உள்ளே விழாது. காசில்லாத வேலை, நன்றாகவே பயன்படுகிறது.

முன் ரப்பர் பிரிந்தபோது

மழைக்காலம் முடிந்த கையோடு வலது ஷூவின் முன்பக்கம், விரலுக்கு முன்னால் மேலேறி வரும் ரப்பர், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வாய் பிளந்தது. இந்த விலை ஷூக்களில் பெரும்பாலும் முதலில் விடுபடுவது அந்த ஒட்டுதான். உடனே ஃபெவிக்விக் ஊற்றத் தோன்றும். அது கண்ணாடி மாதிரி இறுகும், மடங்கும் இடத்தில் நொறுங்கும், நொறுங்கிய பொருக்கின் மேல் வேறு பசையும் ஒட்டாது. ரப்பருக்கும் தோலுக்கும் உள்ள பசைதான் வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஃபெவிபாண்ட் டியூப் கிடைக்கும்.

பழைய டூத்பிரஷால் பிளவுக்குள் இருந்த மண்ணைத் தேய்த்து எடுத்து, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். பழைய பசையின் பளபளப்பு போகும்வரை இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, உடனே ஒட்டாமல், விரலில் பிசுபிசுக்காத பதம் வரும்வரை கால்மணி நேரம் விட வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இது. ஈரமாக ஒட்டினால் உள்ளே காற்றுப் படாமல் அது காய்வதே இல்லை. பதம் வந்தபின் ஓரத்திலிருந்து அழுத்திக்கொண்டே ஒட்டி, சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஷூவைச் சுற்றி இறுக்கக் கட்டி, ஒரு நாள் முழுவதும் தொடவில்லை.

ஒட்டியது நின்றது. இருந்தாலும் ஒரு தையல் இருந்தால் நல்லது என்று பஸ் ஸ்டாண்ட் எதிரில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். சோலைச் சுற்றிலும் தைத்துக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, ஷூவை வாங்கி ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

"சுத்தித் தெக்க வேண்டாம் கண்ணு. இது பூரா ஃபோமு. ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொண்ணும் பெருசாகிக் கிழிஞ்சுட்டு வந்துரும். முன்னால ரப்பருக்கும் துணிக்கும் மட்டும் நாலு தையல் போட்டுத் தர்றேன், அது நிக்கும்."

"சரிங்கய்யா, அப்படியே போடுங்க."

மெழுகு தேய்த்த நைலான் நூலில் போட்டார். முடிச்சை உள்பக்கம் தள்ளி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினார். விரலில் உறுத்தவே இல்லை. ஷூவின் கட்டுமானத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுகிற இப்படிப்பட்டவர்களிடம், வாங்குவதற்கு முன்பே ஒரு ஜோடியைக் காட்டிக் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.

சுண்டுவிரல் பக்கத்தில் வலைத்துணி மெலிந்தபோது அதே பசையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை நீள்வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டேன். ஓட்டை விழுந்தபின் ஒட்டுவதைவிட நூல் வெளுக்க ஆரம்பிக்கும்போதே ஒட்டினால் ரொம்ப நாள் தாங்கும்.

தேய்மானம்

குதிகாலின் வெளிப்பக்கப் பல்லை அவ்வப்போது ஸ்கேல் வைத்து அளந்து டைரியில் குறித்துவந்தேன். 4 மி.மீ. பல் 2-க்கு இறங்கியபோதும் முன்பாதத்தில் 3 மிச்சம் இருந்தது. ரப்பருக்கு முன்னால் செத்துப்போனது ஃபோம்தான். ஷூக்களுக்கு 500-லிருந்து 800 கி.மீ. என்று பொதுவாகச் சொல்வார்கள். எடை, தரை, ஓடும் விதம் எல்லாம் சேர்ந்துதான் அது எந்த முனையில் நிற்கும் என்று முடிவாகும். கண்ணுக்குத் தெரியும் அடையாளம், ஃபோமின் பக்கச் சுவரில் கிடைமட்டமாக விழும் சுருக்கங்கள். ஒருநாள் ஓய்வுக்குப் பிறகும் அந்தச் சுருக்கம் விரியவில்லை, மறுநாள் முழங்கால் கனக்கிறது என்றால் அந்த ஜோடியின் ஓட்டம் முடிந்தது. ஈரமான ஷூவை வெயிலில் வைப்பதும் காரின் பின்னால் பூட்டி வைப்பதும் ஃபோமையும் பசையையும் இன்னும் வேகமாகக் கெடுக்கும். இன்சோலை உருவி, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, தாள் நனைந்ததும் மாற்றி, நிழலில் காற்றோட்டமாக விட்டாலே மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடுகிறது.

அந்த ஜோடி இப்போது தோட்ட வேலைக்கு. புதியதும் அதே 8.5, இன்சோல் 27.3 செ.மீ., முன்பாதம் முழுக்க ரப்பர். பழைய தகட்டையே எடுத்து வைத்தேன். இதன் முன்பாகம் சற்று வட்டம் என்பதால் கட்டைவிரல் பக்கம் 2 மி.மீ. வெட்டி மறுபடி உப்புத்தாள் போட வேண்டியிருந்தது.